காப்பார் அக்கா தூக்கிய பாரம்

எத்தனை நாளில் தசை வரும் என்று கேட்காத ஆள் கிடையாது. பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மில் பல வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். கீழே டயர் கழற்றும் சத்தம், மேலே இரும்பு விழும் சத்தம். வருகிறவர்களுக்கு எல்லாமே கல்யாணத்துக்குள் வேண்டும், இல்லையென்றால் தீபாவளிக்குள் வேண்டும். கூடவே போனில் பார்த்துவிட்டு வந்த சந்தேகம் வேறு. கனமாகக் கொஞ்சம் தூக்குவதா, லேசாக நிறையத் தூக்குவதா? தினமும் வருவதா, ஒருநாள் விட்டு ஒருநாளா?

நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். கனம் கூடவோ குறையவோ இருக்கட்டும், கடைசி இரண்டு தூக்கு வருமா வராதா என்று உடம்பு கெஞ்ச வேண்டும். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓய்வு வேண்டும். முட்டையோ மீனோ பருப்போ போதிய அளவு தின்ன வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். தசை தூக்கும்போது வளர்வதில்லை, தூக்கிய பிறகு சும்மா இருக்கும்போதுதான் வளர்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைக் கேட்டதும் எல்லார் முகமும் தொங்கிவிடும். ஏதோ நான் மந்திரத்தை மறைத்து வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிற மாதிரி பார்ப்பார்கள்.

ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார். கோவிட் காலத்து எம்சிஓ ஊரடங்கெல்லாம் முடிந்து ஜிம் கதவுகள் திறந்த வருடம் அது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, தொழிற்சாலை கேன்டீன் யூனிஃபார்மோடு, தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார். சட்டையில் மிளகாய்ச் சம்பல் வாசம் அடித்தது.

"தங்கச்சி, ஒரு ஆளு கனத்த தரையிலேர்ந்து தூக்கணும். கட்டில்ல வைக்கணும். மறுபடியும் எறக்கணும். சாகுற வரைக்கும் தூக்கணும். அதுக்கு என்னா தேவையோ அத மட்டும் சொல்லிக் கொடு லா. அழகெல்லாம் வேணாம்" என்றார்.

பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவதால் எங்கள் ஜிம்மில் எல்லாருக்கும் அவர் காப்பார் அக்கா ஆகிப்போனார்.

அந்த ஆள் அவருடைய மகன். பதினைந்து வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விளங்காது, ஒரு கை இழுத்துக்கொள்ளும், பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி மட்டும் படு கூர்மை. குழந்தையாக இருந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டு பாசார் சந்தை முழுக்கச் சுற்றியவர்தான் அக்கா. இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. "பையன் வளர்றான். நான்தான் வளரமாட்டேங்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் கணவர் லோரி ஓட்டுகிறவர். கிள்ளான் துறைமுகத்துக்கும் ஜொகூருக்கும் போய்வந்தே முதுகெலும்பு தேய்ந்துபோனது. மகனைத் தூக்கப் போய் ஒருநாள் அவரே படுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். சுங்கை பூலோ பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார். "நீ தூக்குற வரைக்கும் அவன் இங்க இருக்கட்டும். உன்னால முடியாத அன்னைக்கு அங்க கொண்டு போயிடலாம். அப்புறம் அழக்கூடாது" என்று மனைவியிடம் பேசி முடித்துவிட்டார். அக்கா ஜிம்முக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆக, அவருக்கு வேண்டியது தசை இல்லை. மகன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. பாரம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை இன்னொருவர் தொடக் கூடாது. குடிதண்ணீர் புட்டியை நான் தூக்கப் போனால் "குடு" என்று பிடுங்கிக்கொள்வார். என் காய்கறிப் பையைக்கூட என் மோட்டார்வரை அவரே சுமந்து வந்து மாட்டிவிடுவார். தன் பையை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார். பெரிய கனம் தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் கையைத் தயாராக வைத்திருப்பது எங்கள் வழக்கம். தவறி விழுந்தால் பிடித்துக்கொள்ளத்தான். நான் கையை நீட்டினாலே முறைப்பார்.

"தொடாத தங்கச்சி."

"நான் தொடல அக்கா. சும்மாதான் வச்சிருக்கேன்."

"சும்மாவும் வைக்காத. கை இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் பலம் எறங்கிடும்."

புஜத்தைக் காட்டிக்கொண்டு திரியும் இளவட்டம் ஒருவன், "ஆன்ட்டி, நான் புடிச்சுக்கவா?" என்று பாசமாகத்தான் கேட்டான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில அஞ்சு மணிக்கு என் பையன பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போகணும். வருவியா? வரமாட்ட இல்ல? அப்ப இங்கயும் வேணாம்" என்றார். அந்த இளவட்டம் அன்றிலிருந்து அக்கா இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஓய்வு விஷயத்தில் எங்களுக்குள் நடந்த சண்டை ஒரு பாரதம். ஒரு சுற்றுத் தூக்கி முடித்தால் இரண்டு மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அப்போதுதான் அடுத்த சுற்றில் முழு பலம் வரும் என்பேன். அவருக்குக் கால் நிற்காது. "சும்மா நிக்கிறதுக்கா காப்பார்லேர்ந்து வரேன்?" என்று ஒரு துணியை எடுத்து ஜிம் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நான் துணியைப் பிடுங்கி வைத்தால் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் துடைப்பார். எங்கள் ஜிம் கண்ணாடியில் முகம் தெளிவாகத் தெரிந்தது அந்த ஒரு வருடம்தான்.

சாப்பாட்டு விஷயத்திலும் அதே கதைதான். "முட்டை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "சாப்ட்டாச்சு" என்பார். துருவித் துருவிக் கேட்டால் முட்டை மகன் தட்டுக்குப் போயிருக்கும், இவர் குழம்பைத் தொட்டுக்கொண்டு தின்றிருப்பார்.

"அவன் தின்னா நான் தின்ன மாதிரிதான் லா."

"அப்படித் தின்னா அவனுக்குத்தான் சதை போடும் அக்கா. அவன் கனமாவான், நீங்க எளைப்பீங்க. கணக்கு சரியா வருமா?"

அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாக முட்டை அவித்தார்.

இரும்புத் தண்டு சொன்ன பேச்சு கேட்கும், நடுவில் பிடித்தால் நேராக நிற்கும். மனித உடம்பு அப்படி இல்லை. ஒரு பக்கம் சரியும், நழுவும், கூச்சத்தில் துள்ளும். அதனால் ஒரு பழைய பயணப் பையில் மணலை நிரப்பி, அவனுடைய எடைக்குச் சமமாக ஒன்று செய்துகொள்வோம் என்று யோசனை சொன்னேன். அவன் எடையைப் பார்க்கத் தராசோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பத்து வீடுகளைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார், பிறகு தான் மட்டும் ஏறினார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோம்.

அன்றுதான் அவனை முதலில் பார்த்தேன். மடியில் போன், போனில் பந்து விளையாட்டு. என்னைப் பார்த்ததும் வாய் கோணச் சிரித்தான்.

"நீங்கதான் எங்கம்மாவ ரௌடி ஆக்குறீங்களா, ஆன்ட்டி?"

"ஆமா. உனக்கு ஆட்சேபமா?"

"இல்ல. மணல்ல என்னைய மாதிரி ஒண்ணு செய்யப் போறீங்களாமே. மூஞ்சி நல்லா வரைங்க."

நான் வரையவில்லை. ஆனால் அக்கா அந்த மணல் பைக்குச் சின்னவன் என்று பேர் வைத்துவிட்டார். "இன்னைக்குச் சின்னவன் அடம் புடிக்கிறான் லா" என்று சொல்லிக்கொண்டே தரையிலிருந்து நெஞ்சுவரை தூக்குவார். கீழே வைக்கும்போது தொப்பென்று போடமாட்டார். பிள்ளையை எப்படிப் போடுவது? அங்குலம் அங்குலமாக இறக்குவார். மெதுவாக இறக்குவதும் தூக்குவதற்குச் சமமான வேலை, அதிலும் தசை வளரும். அதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டிய தேவையே வரவில்லை.

மாதங்கள் ஓடின. ஒருநாள் அவர் எரிச்சலோடு வந்து, "தையல்காரி ப்ளவுஸ சின்னதாத் தச்சுட்டா. கை நுழையமாட்டேங்குது" என்றார். போன வருடம் தைத்த ப்ளவுஸும் நுழையவில்லை என்று பேச்சுவாக்கில் வந்தது. நான் அவருடைய மேல்கையைப் பிடித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "தையல்காரிய திட்டாதீங்க அக்கா, வளர்ந்துட்டீங்க" என்றேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடம் யார் யாருக்கோ கல்யாணப் போட்டோவுக்காகத் தசை வளர்த்துக் கொடுத்தேனே, ஒரு உருப்படியான காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது.

பிறகு தைப்பூசம் வந்தது.

பால்குடம் எடுக்கிறேன் என்று கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். தரையில்தான் படுக்கை. எனக்குத் தலை சுற்றியது. முருகனுக்கு நான் எதிரி இல்லை. நானும் அவன் கோயில் படி ஏறியவள்தான். ஆனால் ஒரு வேளைச் சோற்றில் இருக்கிற தசையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

"விரதம் இருங்க அக்கா, வேணாங்கல. பருப்பு, பால், கடலையெல்லாம் சேத்துக்குங்க. கனத்தக் கொறச்சிக்குவோம். ரெண்டு நாள் வந்தாப் போதும்" என்றேன்.

"நான் என்னா வேண்டிக்கிறேன்னு தெரியுமா? கைக்குப் பலம் குடுன்னுதான் வேண்டிக்கிறேன். பலத்தயும் கேட்டுட்டு வயித்தயும் ரொப்பிக்கிட்டா அதுக்குப் பேரு விரதமா?"

நான் தண்டிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி வைத்தேன்.

"பையனும் என்கூட விரதம் இருக்கான் தங்கச்சி. நான் சொல்லவே இல்ல. அவனாக் கேட்டான். பதினஞ்சு வயசுல என்னா பக்தி பாரு" என்றார்.

எதிர்பார்த்ததுதான் நடந்தது. விரதம் பாதி ஓடுவதற்குள் அக்காவின் கன்னம் ஒட்டியது. சின்னவனைத் தூக்கினால் முழங்காலுக்கு மேல் வரவில்லை. ஒருமுறை, இருமுறை முயன்றுவிட்டு, பையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மணலு ஈரமாயிடுச்சா லா?"

"மணல் காஞ்சுதான் இருக்கு. நீங்கதான் சோர்ந்துட்டீங்க. வீட்டுல தம்பிய எப்படித் தூக்குறீங்க? எனக்குப் பயமா இருக்கு அக்கா."

அவர் முகம் மலர்ந்தது. "அதான் அதிசயம். இங்கதான் வரமாட்டேங்குது. வீட்டுல அவன் பஞ்சு மாதிரி இருக்கான். ஒரே தூக்குல வந்துடுறான். முருகன் கை கொடுக்குறாரு. அவங்க அப்பாகூட அசந்து போயிட்டாரு. ஹோம் பேச்சையே எடுக்கல" என்றார்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. முருகன் கை கொடுக்கட்டும், நல்லது. ஆனால் வீட்டில் கொடுக்கிற கையைக் கிள்ளானில் ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறான்? அதே கைகள், அதே முதுகு. இங்கே தூக்க முடியாத எடை அங்கே பஞ்சாக இருக்க முடியாது. அக்காவுக்குப் பலம் கூடவில்லை என்று என் கண்ணே சொல்கிறது. மணல் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் தராசை மோட்டாரில் கட்டிக்கொண்டு காப்பாருக்குப் போனேன். கணவர் லோரியோடு ஜொகூரில் இருந்தார். வீட்டைச் சுற்றி வரும்போது ஒன்று கண்ணில் பட்டது. பையனுடைய அறை ஜன்னலுக்குக் கீழே பக்கத்து வீட்டுக் கோழிகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. மண்ணைக் கிளறவில்லை, அங்கே இங்கே மேயவில்லை. அண்ணாந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றன. ஜன்னல் கம்பியில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தராசைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனேன்.

ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவன் படுத்திருந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன, தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்தியது. பக்கத்தில் அன்றைய ஒரு வேளைச் சோறு, சாம்பாரோடு, தொடாமல் இருந்தது.

"அக்கா, அவனத் தூக்கிட்டுத் தராசுல ஏறுங்க" என்றேன்.

"எதுக்கு இப்ப?"

"ஏறுங்க அக்கா."

ஏறினார். பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தேன். அந்த மணல் பைக்கும் இவனுக்கும் இப்போது சம்பந்தமே இல்லை. அக்காவிடம் சொன்னேன். "விரதம்ல லா. நானும்தான் எளச்சிட்டேன்" என்றார். ஆனால் குரலில் உறுதி இல்லை.

"தம்பி, ஜன்னலுக்குக் கீழ ஏன் இவ்வளவு கோழி நிக்குது?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அவனுக்கே உரிய அந்த இழுத்து இழுத்துப் பேசும் பேச்சில், அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"உன்னால தூக்க முடியலன்னா ஹோம்னு அப்பா சொன்னாரு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். நீ வேலைக்கும் போயிட்டு ஜிம்முக்கும் போற. கை வலிக்குதுன்னு தைலம் தேய்க்கிற. நான் சும்மாவே படுத்திருக்கேன். என்னால முடிஞ்சது இதுதான்மா. லேசாயிட்டா எங்கயும் போக வேணாம்ல."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? யாரையுமே பாரத்தைத் தொடவிடாத மனுஷி. அந்தப் பாரமே அவருக்குத் தெரியாமல் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அக்கா அழவில்லை. திட்டவுமில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்தார். கும்பிட்டாரா என்று நான் கவனிக்கவில்லை. விறுவிறுவென்று பின்பக்கம் போய், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் முட்டைகள். விரதத்துக்காகத் துணிசுற்றி மேலே ஏற்றி வைத்திருந்த மீன்சட்டியை இறக்கினார். விரத வீட்டில் முட்டை பொரியும் வாசம் எழுந்தது.

"அக்கா, விரதம்..." என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. இத்தனை நாள் விரதத்தோடு சண்டை போட்டவளே நான்தான்.

"முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். அவனுக்கும் ஒரு அம்மா இருக்கா" என்றார்.

அதற்குப் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் அவர் பால்குடம் எடுக்கவில்லை. ஜிம்முக்குத் திரும்ப வந்து, விட்ட பலத்தைப் பிடிக்க மழைக்காலம்வரை ஆனது. பையன் எடை ஏற ஏற நான் சின்னவனுக்கு மணல் கூட்டினேன். இரண்டு தடவை அவர் சறுக்கினார், முதுகு பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து முனகினார். கணவர் மறுபடி ஹோம் பேச்சை எடுத்தார், விட்டார், எடுத்தார். நான் பார்த்தவரை அவன் வீட்டில்தான் இருந்தான். பிறகு கணவருக்கு ஜொகூரிலேயே வேலை அமைந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது. தசைக்கு ஒரு எல்லை உண்டு, வயதுக்கு எல்லை கிடையாது. இப்போது அவனைத் தூக்குவது யார், எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

முட்டை பொரித்த அன்றைக்கு அக்கா தட்டோடு கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து, முட்டையைப் பிய்த்து வைத்து, உருட்டி அவன் வாய்க்குக் கொண்டுபோனார். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான்.

"வேணாம்மா. கனமாயிடுவேன்."

"ஆவு" என்றார் அக்கா. "நல்லா கனமாவு. உன் வயசுப் பிள்ளைங்க மாதிரி கனமாவு. அது உன் வேல. தூக்குறது என் வேல. என் வேலைய நீ பாக்காத."

கை அப்படியே நின்றது. வலிக்கிற கைதான். இறக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான்.